ஸ்டீராய்டு: மாத்திரையா, ஊசியா, இன்ஹேலரா, களிம்பா?

கல்லூரி சேர்க்கை முடிந்து வகுப்பு தொடங்குவதற்கு இடைப்பட்ட வாரங்களில் எங்கள் பக்கத்து மருந்துக் கடைகளில் ஒரு வியாபாரம் சூடு பிடிக்கும். கடலூர் மாவட்டத்து மங்களூர் ஒன்றியத்தில் மானாவாரி மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற வீட்டுப் பிள்ளைகள் விருத்தாசலத்துக்கோ பெரம்பலூருக்கோ படிக்கக் கிளம்பும்போது, புதுப் பை, புதுச் செருப்போடு முகத்துக்கு ஒரு டியூபும் வாங்குகிறார்கள். சில சமயம் அம்மாவே கடைக்கு வந்துவிடுகிறார். "மூத்தவளுக்கு நல்லா வெளுத்துச்சுப்பா. அதே டியூப் இவளுக்கும் ஒண்ணு குடு." டியூபைத் திருப்பிப் பார்த்தால் சின்ன எழுத்தில் மொமெட்டசோன் என்றோ பீட்டாமெத்தசோன் என்றோ இருக்கும். இரண்டும் ஸ்டீராய்டு. மருந்தாளுநராகப் பல வருடம் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றவன் நான். எந்த ஸ்டீராய்டு எதற்கு, எது வேண்டாம் என்று இந்தப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சொல்லியாக வேண்டும் என்று நினைத்தே எழுதுகிறேன்.

இந்த மருந்தை நான் வெறுப்பவன் அல்ல. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் நடக்கவே சிரமப்பட்ட 29 வயதுப் பெண்ணுக்கு பிலிப் ஹென்ச் என்ற மருத்துவரின் குழு கார்ட்டிசோன் ஊசி போட்டது. சில நாட்களிலேயே அவர் எழுந்து நடமாடினார். 1950இல் ஹென்ச்சுக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய வேதியியலாளர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பக்கவிளைவுகளும் கிட்டத்தட்ட அதே காலத்திலேயே தெரிய ஆரம்பித்துவிட்டன.

ஒவ்வொரு சிறுநீரகத்தின் மேலும் அட்ரினல் என்ற சிறு சுரப்பி இருக்கிறது. அது தினமும் கார்ட்டிசால் சுரக்கிறது. விடியற்காலையில் அதிகம், நள்ளிரவில் குறைவு. நாம் விழுங்கும், உறிஞ்சும், தடவும் ஸ்டீராய்டு அந்த ஹார்மோனின் வேலையைத்தான் இன்னும் பலமாகச் செய்கிறது. 20 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் செய்கிற வேலைக்கு 5 மி.கி. பிரெட்னிசோலோன் போதும், டெக்ஸாமெத்தசோன் என்றால் முக்கால் மி.கி. போதும். மருந்து செல்லுக்குள் நுழைந்து, அங்குள்ள ஏற்பியோடு சேர்ந்து, உட்கருவுக்குள் போய் மரபணுக்களின் வேலையை மாற்றுகிறது. அழற்சியை உண்டாக்கும் புரதங்களின் உற்பத்தி குறைகிறது. வீக்கமும் சிவப்பும் அரிப்பும் வலியும் அடங்குவது இப்படித்தான். மரபணு வழியாக நடக்கிற வேலை என்பதால் முழுப் பலன் தெரியச் சில மணி நேரமாவது ஆகும். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இது கிருமியைக் கொல்லாது. கிருமியை எதிர்த்து உடம்பு எழுப்பும் கூச்சலைத்தான் அடக்கும்.

மாத்திரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். சிறுநீரில் புரதம் கொட்டி முகம் வீங்கிய குழந்தைக்கு, லூபஸ் நோயாளிக்கு, மூச்சுத்திணறல் முற்றியவருக்கு அது உயிர் காக்கும். தொழுநோயில் நரம்பு வீங்கிக் கை மரத்துப்போகும் கட்டத்தில் பிரெட்னிசோலோன்தான் விரல்களைக் காக்கிறது. ஆனால் சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். மாத்திரையைத் திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். விருத்தாசலத்தில் பீங்கான் சூளை வைத்திருப்பவர் யாரும் நெருப்பு அணைந்த உடனே கதவைத் திறக்க மாட்டார். மெல்ல ஆறவிடாவிட்டால் உள்ளே இருப்பது விரிசல் விடும். இந்த மாத்திரையையும் அப்படி மெல்லக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். ஒல்லியான பையனுக்குச் சதை போடட்டும் என்று இதை வாங்கிக் கொடுக்கிற வீடுகளும் உண்டு. கன்னம் உப்புவதைச் சதை என்று நினைத்துவிடுகிறார்கள். உள்ளே எலும்பு மெலிவதும் சர்க்கரை ஏறுவதும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஊசிக்கு உண்மையான இடங்கள் இருக்கின்றன. குறைமாதத்தில் வலி கண்ட தாய்க்கு 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 6 மி.கி. டெக்ஸாமெத்தசோன் நான்கு முறை போட்டால் வயிற்றிலுள்ள குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்கிறது. சில ரூபாய் மருந்து, ஒரு குழந்தையின் மூச்சு. 2020 ஜூனில் இங்கிலாந்தின் ரெக்கவரி ஆய்வு இதே மருந்தைப் பற்றிச் சொன்னதை எல்லோரும் கேட்டோம்: வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ பலன் இல்லை. அந்த இரண்டாவது பாதியைப் பலர் கேட்கவில்லை. 2021இல் சர்க்கரை நோயோடு தாறுமாறான ஸ்டீராய்டும் சேர்ந்த இடங்களில் கருப்புப் பூஞ்சை வந்தது. அந்த மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் "ஒரு ஊசி போட்டு விடுங்க சார்" என்று கேட்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இன்ஹேலரைப் பற்றி எனக்கு ஒரு சார்பு உண்டு, மறைக்க மாட்டேன். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் உடம்பு முழுக்கப் போகிற மருந்து, இன்ஹேலரில் மைக்ரோகிராம் கணக்கில் நுரையீரலுக்கே போகிறது. "இன்ஹேலர் பழகிடும்", "வெளியே தெரிஞ்சா வரன் வராது" என்று பெற்றோர் மறுப்பதால்தான் எத்தனையோ பிள்ளைகள் மாத்திரைக்கும் ஊசிக்கும் போகிறார்கள். உறிஞ்சியதும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், வாயில் வெண்பூஞ்சை வரும் வாய்ப்பு குறையும். பீங்கான் தொழிலைப் படிக்கிற, பட்டறையில் நிற்கிற பிள்ளைகளுக்கு இன்னொன்று: சிலிக்கா தூசியால் கெட்ட நுரையீரலை எந்த ஸ்டீராய்டும் பழையபடி ஆக்காது. அங்கே தூசியை ஈரத்தால் அடக்குவதும் முகமூடியும்தான் மருந்து.

இனி களிம்பு. முந்திரிக் கொட்டை உடைக்கிறவர்களின் கையை அதன் ஓட்டு எண்ணெய் பொசுக்கும்; பார்த்தீனியச் செடி பட்டால் கழுத்தும் கையும் தடித்துச் சொறியும்; கொத்தனார் கைக்கு சிமென்ட் ஒவ்வாது. இவற்றுக்கெல்லாம் ஸ்டீராய்டு களிம்பு நல்ல மருந்து. ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் அரை கிராம்; இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு அது போதும். ஆனால் எல்லாக் களிம்பும் ஒன்றல்ல. ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் மென்மையானது. குளோபெட்டசால் ஆகக் கடுமையானது. தோலும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. முன்கையில் ஒரு பங்கு மருந்து உள்ளே இறங்குகிறது என்றால் நெற்றியில் 6 பங்கு, தாடையோரம் 13 பங்கு, விதைப்பையில் 42 பங்கு இறங்கும் என்று 1967இலேயே ஃபெல்ட்மன், மேபாக் என்ற இருவர் அளந்து சொன்னார்கள். கடுமையான மருந்தை, அதிகம் உறிஞ்சும் இடத்தில், மாதக்கணக்கில் தடவுவது என்ற மூன்று தவறும் ஒன்றுசேரும் இடம்தான் வெளுப்புக் கிரீம்.

அது ஏன் வெளுக்கிறது? ஸ்டீராய்டு தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. நிறமிச் செல்களின் வேலையையும் மட்டுப்படுத்துகிறது. பெரும்பாலான டியூப்களில் நிறமி உற்பத்தியைத் தடுக்கும் ஹைட்ரோகுயினோனும் மேல்தோலை உரிக்கும் ட்ரெட்டினாயினும் சேர்ந்திருக்கும். 1975இல் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் முன்வைத்த கலவையின் வழிவந்தது இது. மங்கு விழுந்தவருக்கு, வெயில் படாமல் காத்துக்கொண்டு, மருத்துவர் கண்பார்வையில், சில வாரம் மட்டும் தடவ வேண்டிய மருந்து. அதை 18 வயதுப் பிள்ளை பவுடருக்குப் பதிலாக வருடம் முழுக்கப் பூசுகிறது.

முதல் மாதம் எல்லோரும் பாராட்டுவார்கள், அதுதான் பொறி. அப்புறம் தோல் மெலியும். கன்னத்தில் சிவப்பு நூல் போன்ற ரத்தக் குழாய்கள் தெரியும். பரு முன்பைவிட மோசமாக வெடிக்கும். பெண் பிள்ளைகளுக்குக் கன்னத்தில் பூனைமுடி அடர்ந்துவிடும். வெயிலில் நின்றால் முகம் எரியும். பயந்து நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் முகம் சிவந்து வீங்கி, மறுபடி தடவினால்தான் அடங்கும். மருந்தை விட முடியாத நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்துவது இந்த வட்டம். ஸ்டீராய்டால் சேதமான முகம் என்றே தோல் மருத்துவர்கள் இந்நிலைக்குப் பெயரிட்டிருக்கிறார்கள்.

இது யாரோ சிலருக்கு நேர்வது அல்ல. நாட்டின் 12 மையங்களில் முகத்தில் தோல் கோளாறோடு வந்த 2926 பேரைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. அவர்களில் 433 பேர் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தவர்கள். அந்த 433இல் 29 சதவீதத்தினர் வெளுப்புக்காகவோ சாதாரண முகக் கிரீமாகவோ தடவியவர்கள். 24 சதவீதத்தினர் பருவுக்காக. 59 சதவீதத்தினருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் மருத்துவரே அல்ல. 433 பேரில் 392 பேருக்குப் பக்கவிளைவு இருந்தது. மத்திய அரசு 2018 மார்ச்சில் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத 'எச்' பட்டியலுக்குள் கொண்டுவந்தது. சட்டம் வந்துவிட்டது. கவுன்ட்டரில் சீட்டு கேட்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை. என் தொழில்காரர்களைக் குறித்து எனக்குள்ள கோபம் இது.

விடுதிப் பையன்களிடம் இதே டியூப் வேறு வழியில் போகிறது. தொடை இடுக்கில் படர்தாமரை வரும். வியர்வையும் இறுக்கமான ஜீன்ஸும் சேர்ந்தால் வராமல் இருக்காது. அறைத்தோழன் தரும் கலப்புக் களிம்பில் பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசாலும் இருக்கும். தடவிய அன்றே அரிப்பு நின்றுவிடும், ஆனால் பூஞ்சை நிற்காது. உடம்பின் எதிர்ப்பு அடங்கியதால் அது நிம்மதியாகப் பரவும். வட்டத்தின் விளிம்பு மறைந்து மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகும். பூஞ்சைக்குப் பூஞ்சை மருந்து மட்டும், சொன்ன வாரக்கணக்குக்கு, அரிப்பு நின்ற பிறகும் விடாமல் போட வேண்டும்.

நண்பன் எடுத்த குரூப் என்று பிளஸ் ஒன்னில் ஒரு பாடத்தை எடுத்துவிட்டு இரண்டு வருடம் அவதிப்படும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நண்பன் தடவிய கிரீமும் அந்த ரகம்தான். தோலுக்கும் ஓர் இயல்பு உண்டு. ஒருவர் முகம் எண்ணெய் வழியும், ஒருவர் முகம் வறளும், ஒருவர் முகம் எதைத் தொட்டாலும் சிவக்கும். மேல்தோல் முழுதாகப் புதுப்பிக்கவே ஏறக்குறைய ஒரு மாதம் எடுத்துக்கொள்கிறது. பருவுக்கான நல்ல மருந்து பலன் காட்ட ஆறு முதல் எட்டு வாரமாகும். படிப்பிலும் தொழிலிலும் பொறுமையாக இருக்கச் சொல்கிற பெற்றோர் பிள்ளையின் முகத்தில் மட்டும் பத்து நாளில் மாற்றம் கேட்பது நியாயமில்லை. கறுப்பு நிறத்துக்கு மருந்து தேவையில்லை, ஏனென்றால் அது நோயில்லை. பெண் பார்க்க வருகிறவர்களுக்காகப் பெண்ணின் தோலை மெலிய வைக்காதீர்கள்.

தம்பி, தங்கைகளே, வீட்டிலிருக்கும் டியூபை இன்றே எடுத்துப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்து, மருத்துவர் எழுதித் தராததாக இருந்தால் முகத்தில் தடவாதீர்கள். அழகு நிலையத்தில் பெயர் ஒட்டாத டப்பாவில் தரும் நைட் கிரீமும் வேண்டாம். மாதக்கணக்கில் தடவி வந்தவர்கள் தாங்களாக நிறுத்திப் பார்க்காமல் தோல் மருத்துவரிடம் போக வேண்டும். சிதம்பரத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் தோல்நோய்ப் பிரிவு இருக்கிறது. எங்கே போவதென்று குழம்பினால் 104க்குப் போன் செய்து கேட்கலாம். போகும்போது அந்த டியூபையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்த மருந்து, எத்தனை மாதம் தடவினீர்கள் என்று தெரிந்தால்தான் அவர் எப்படிக் குறைப்பது என்று சொல்ல முடியும்.