கம்ப்யூட்டர் இல்லாமல் கோடிங் வருமா?

கேள்வி: பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு, தமிழ்வழி. இப்போது இன்ஜினீயரிங் சேர்கிறேன். முதல் பருவத்திலேயே புரோகிராமிங் பாடமாம். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. சமாளிக்க முடியுமா?
– மாணவி, பொம்மிடி

பதில்: தாராளமாக. அந்தப் பாடமே ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொடுக்கத்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழிப் பாடத்தின் முதல் அலகைப் பாருங்கள். ஒருவர் மனதில் நினைத்த எண்ணைக் கண்டுபிடிப்பதும் அதில் ஒரு கணக்கு.

1 முதல் 100க்குள் என்றால், முதலில் 50 என்று கேளுங்கள். ‘அதைவிடப் பெரிது’ என்றால் 75. இப்படிப் பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே போனால் ஏழு தடவைக்குள் பிடித்துவிடலாம். இதற்கு நோட்டும் பேனாவும் போதும். படிகளை முதலில் தமிழிலேயே எழுதுங்கள்.

அடுத்து மொபைல். கூகுள் கோலாபில் பிரவுசரிலேயே பைத்தான் ஓடும். பொம்மிடியிலிருந்து சேலத்துக்கு ரயிலில் கல்லூரி போய்வருபவர் என்றால் அந்த நேரமே போதும். இரண்டு எண்களை ‘இன்புட்’ வாங்கிக் கூட்டச் சொல்லுங்கள். 5, 7 கொடுத்தால் 57 என்று வரும்! பதறாதீர்கள். வாங்குவதை எல்லாம் பைத்தான் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். ‘இன்ட்’ போட்டு எண்ணாக மாற்றினால் 12 வந்துவிடும். தப்பு ஏன் வந்தது என்று தேடுவதில்தான் பாதிப் படிப்பு இருக்கிறது.

அடிப்படை பிடிபட்ட பிறகு, சென்னை கணிதவியல் கழகப் பேராசிரியர் மாதவன் முகுந்தின் பைத்தான் வகுப்பை என்பிடெல் இணையதளத்தில் இலவசமாகப் பாருங்கள். கல்லூரி லேபில் மட்டும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதாதீர்கள். ஒவ்வொரு வரியையும் நீங்களே டைப் அடியுங்கள்.