ஆற்றுணா

நுழையும்முன்

வழிநடைப் பயணத்தில் தோளில் சுமக்கும் பொருள்களுள் நாள்தோறும் எடை குறைவது உணவு. நாள்தோறும் கெடக்கூடியதும் அதுவே. எதைக் கட்டிக்கொள்வது, எப்படிக் கட்டுவது, எதை முதலில் அவிழ்ப்பது என்னும் அறிவு, நடந்து வாழ்ந்த மக்களிடம் தலைமுறை தலைமுறையாகத் திரண்டது. அவ்வறிவின் காரணங்களையும் எல்லைகளையும் இப்பாடம் ஆராய்கிறது.

சொல் காட்டும் செய்தி

ஆறு என்பது வழி. உணா என்பது உணவு. வழியில் உண்ணுதற்குரிய உணவு ஆற்றுணா எனப்பட்டது. கற்றவர்க்கு எந்நாடும் தம் நாடே ஆதலால் அவர்கள் ஆற்றுணா கொண்டுசெல்ல வேண்டியதில்லை என்று பழமொழி நானூற்றில் முன்றுறை அரையனார் பாடியுள்ளார். கல்வியின் பெருமையைச் சொல்ல வந்த இடம் அது. ஆயினும், ஏனையோர் உணவு கட்டாமல் வழிச்செல்ல இயலாது என்னும் அக்கால நடைமுறையும் அதனுள் அடங்கியிருக்கிறது.

இவ்வுணவுக்கு வழங்கிய பிற பெயர்களும் நோக்கத்தக்கவை. கட்டுச்சோறு, பொதிசோறு, கட்டமுது ஆகிய பெயர்கள் சோற்றின் சுவையையோ வகையையோ சுட்டவில்லை; கட்டுதலையும் பொதிதலையும் சுட்டுகின்றன. சமைத்த கையைக் காட்டிலும் கட்டிய கையே வழியுணவின் ஆயுளை முடிவு செய்தது போலும்! திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் பசியால் தளர்ந்த திருநாவுக்கரசருக்கும், திருக்குருகாவூர் வழியில் வருந்திய சுந்தரருக்கும் இறைவன் பொதிசோறு அளித்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. அடியவர்க்கு இறைவன் செய்த பேருதவிகளுள் ஒன்றாக ஒரு சோற்றுப் பொதி எண்ணப்பட்டது என்றால், அக்கால வழிகளின் வெறுமை எத்தகையது என்பது விளங்கும்.

கொடும்பாளூர்ப் பெருவழி

இன்றைய புதுக்கோட்டை மாவட்டம் பழங்காலப் பெருவழிகள் ஊடறுத்துச் சென்ற நிலம். சிலப்பதிகாரத்தில், உறையூரைக் கடந்து மதுரை நோக்கிச் செல்லும் கோவலனுக்கு மாங்காட்டு மறையவன் வழி சொல்கிறான். கொடும்பை என அவன் குறிக்கும் ஊர், இம்மாவட்டத்தின் கொடும்பாளூர். அதனைக் கடந்தபின் வழி மூன்றாகப் பிரியும் என்பது அவன் கூற்று. பிற்காலத்தில் நார்த்தாமலை, முனசந்தை முதலிய ஊர்களில் வணிகக் குழுவினர் செல்வாக்குடன் விளங்கினர் என்பதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன.

இவ்வழிகளில் சென்றவர் அனைவரும் ஒரே வகை உணவைக் கொண்டு செல்லவில்லை. உப்பு விற்ற உமணர், வண்டிகளுடன் கூட்டமாகச் சென்றனர். அவர்கள் சமைத்துவிட்டுப் போன கல்லடுப்புகள் வழியில் கிடந்ததை அகநானூறு காட்டுகிறது. சுமக்க எருதும் வண்டியும் உடையவர் அரிசியாகவே கொண்டு சென்று, தங்கிய இடத்தில் உலையேற்றினர். தனியே நடப்பவருக்குக் கலமும் விறகும் சுமை; அவர் சோறாகவே கட்டிக்கொண்டார். அரிசி பல மாதம் கெடாது. சோறு ஒரு பகலில் கெட்டுவிடும். வழியுணவின் சிக்கல் முழுவதும் இவ்விரண்டிற்கும் இடையே கிடக்கிறது.

சோறு ஏன் கெடுகிறது?

அரிசியைச் சோறாக்குவது நீர். அதே நீர்தான் அதனைக் கெடுக்கவும் செய்கிறது. பாக்டீரியாக்கள் வளர, உணவில் அவற்றால் பயன்படுத்தக்கூடிய நீர் வேண்டும். உலர்ந்த அரிசியில் அது இல்லை. வெந்த சோற்றில் மிகுதியாக உண்டு. வேகும்போது நுண்ணுயிர்கள் அனைத்தும் மடிந்துவிடும் என்று எண்ணுவது பிழை. அரிசியில் இயல்பாகக் காணப்படும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரையும் தாங்கிப் பிழைக்கவல்லவை. சோறு ஆறி, இளஞ்சூட்டில் நெடுநேரம் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகுகின்றன. அவற்றுள் சில உண்டாக்கும் நச்சு, சோற்றை மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. அதனை உண்டவர்க்குச் சில மணி நேரத்திற்குள் வாந்தி தொடங்கும்.

5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரி செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் நோய் விளைக்கும் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும் என்றும், சமைத்த உணவை அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்திற்கு மேல் வைத்தல் கூடாது என்றும் உலக நல்வாழ்வு அமைப்பு அறிவுறுத்துகிறது. புதுக்கோட்டையின் சித்திரை வெயில் 40 டிகிரியை ஒட்டியது. அவ்வெயிலில் முதுகில் தொங்கும் பையினுள் இருக்கும் வெறுஞ்சோற்றின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் இருப்பவர்க்கு வாந்தி ஒருநாள் துன்பம். ஊருக்கும் ஊருக்கும் இடையே பொட்டலில் நடப்பவருக்கோ, வியர்வையால் ஏற்கெனவே குறைந்த உடல்நீர் மேலும் வற்றி, உயிருக்கே ஊறு நேரலாம்.

புளியின் காவல்

இந்நிலையில்தான் புளிச்சோற்றின் அருமை புலப்படுகிறது. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது. புளிக்கரைசலை நல்லெண்ணெயில் கொதிக்கவைத்து இறுக்கும்போது நீர் வற்றுகிறது. உப்பு எஞ்சிய நீரையும் தன்பால் பிணைத்துக்கொள்கிறது. நல்லெண்ணெயில் இயல்பாகவே உள்ள சில பொருள்கள், அது எளிதில் காறிப்போகாமல் காக்கின்றன. வெங்காயமும் தேங்காயும் சேர்க்காமல் விடுவது சிக்கனத்திற்காக அன்று. இரண்டும் ஈரம் மிக்கவை, விரைவில் கெடுபவை.

ஆயினும் புளி தொட்ட இடத்தில்தான் காவல் உண்டு. வெண்சோற்றின் நடுவே சிறிது புளிக்காய்ச்சலை வைத்துக் கட்டினால், சுற்றியுள்ள சோறு வெறுஞ்சோறாகவே இருக்கும். ஒவ்வொரு பருக்கையிலும் புளி ஏற வேண்டும். சோற்றை அகன்ற தாம்பாளத்தில் பரப்பி, எண்ணெய் விட்டு, உதிரி உதிரியாக ஆற்றிய பின்னரே கிளற வேண்டும் என்று மூதாட்டியர் வற்புறுத்தியதன் காரணம் இதுவே. பரப்புவதால் மற்றொரு பயனும் உண்டு. சோறு விரைவில் ஆறுகிறது, ஆவி வெளியேறுகிறது. சூட்டோடு கட்டினால் ஆவி நீராகி, மூடியிலிருந்தும் இலையிலிருந்தும் சோற்றின்மேல் சொட்டும். கட்டுச்சோறு முதலில் ஊசிப்போவது அவ்விடத்தில்தான்.

கட்டுவதற்கு வாழையிலையைத் தணலில் வாட்டிக்கொண்டனர். வாட்டிய இலை மடிக்கும்போது கிழியாது. அதன் மெழுகுப் பூச்சு சோற்றை ஒட்டவிடாது. தொலைவு மிகுந்தால் இலைப்பொதியைப் பனையோலைக் கொட்டானில் வைத்தனர். பின்னல் இடைவெளிகளின் வழியே காற்று புகும். புவிசார் குறியீடு பெற்ற செட்டிநாட்டுக் கொட்டான் இன்று சீர்வரிசைப் பொருளாகவும் அன்பளிப்பாகவும் அறியப்படுகிறது. அதன் காற்றோட்டத்தை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. சூடான சோற்றை நெகிழிப்பையில் இட்டு முடிச்சிடும் இன்றைய வழக்கம், எவ்வகையில் நோக்கினும் பிழையானது.

கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்பது பழமொழி. புளிச்சோறு இரண்டு மூன்று நாள் தாங்கும் என்று பெருமையாகச் சொல்வாரும் உண்டு. பழமொழியே இங்கு நம்பத்தக்கது. புளியின் அளவு, சோற்றின் ஈரம், பருவத்தின் வெம்மை ஆகியன வீட்டுக்கு வீடு மாறுபடும். மணத்தையும் சுவையையும் கொண்டு நச்சை அறிய இயலாது. விடியலில் கட்டிய சோற்றை அன்றைய பகலுக்குள் உண்டுவிடுதலே தக்கது. நெடும்பயணத்திற்கு ஏற்றது, சோற்றைக் கட்டாமல் புளிக்காய்ச்சலை மட்டும் கட்டுவது. நன்கு இறுகி, மேலே எண்ணெய் மிதக்கும் புளிக்காய்ச்சல், ஈரக்கை படாமல் எடுத்தால் பல நாள் இருக்கும். தங்குமிடத்தில் கிடைக்கும் சுடுசோற்றில் அதனைக் கலந்துகொள்ளலாம். கெடுவதை விட்டுக் கெடாததைச் சுமக்கும் இவ்வழி, உமணர் அரிசியாகக் கொண்டு சென்றதற்கு ஒப்பானது.

தயிர்ச்சோறும் இத்தகைய நுட்பம் உடையதே. சோற்றைக் குழைத்து, காய்ச்சி ஆற்றிய பாலை மிகுதியாகவும் தயிரைச் சிறிதாகவும் சேர்த்துக் கட்டுவர். நடக்க நடக்க அது உறைந்து, நண்பகலில் பதமாக இருக்கும். பால் புளிக்கும் வரையிலான இடைவேளையில் காவல் குறைவு என்பதால், கோடையில் தயிரைச் சற்றுக் கூட்டுவது நன்று.

உலர்ந்தவை

நீரே பகை என்று உணர்ந்த பின், நீரை முற்றும் நீக்கிய உணவுகளை நாடுவது இயல்பு. நண்பனைக் காணச் சென்ற குசேலர் முடிந்துகொண்டு போனது அவல். அது முன்பே வெந்து, தட்டையாக்கி, உலர்த்தப்பட்ட அரிசி. தண்ணீரும் ஒரு துண்டு வெல்லமும் போதும், அடுப்பு வேண்டா. பொருள்விளங்கா உருண்டையில் வறுத்த மாவும் சுக்கும் வெல்லப்பாகில் இறுகுகின்றன. உடைக்கப் பல் வலிக்கும் அக்கடினமே அதன் நீண்ட ஆயுளுக்குச் சான்று. புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில் ஆதனக்கோட்டையில் வறுத்து விற்கப்படும் முந்திரியும் சிறு எடையில் மிகுந்த ஆற்றல் தருவது. எண்ணெய்ப் பசை உடையதால் வெயிலும் காற்றும் படாமல் மூடிவைக்க வேண்டும், இல்லையேல் காறிப்போகும்.

தெரிந்து தெளிவோம்

ஆண்டிசு மலைவாழ் மக்கள் உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு, காலால் மிதித்து நீரகற்றி, வெயிலில் உலர்த்துவர். சூனோ எனப்படும் அது ஆண்டுக்கணக்கில் கெடாது. பிரான்சு நாட்டு நிக்கோலா அப்பேர், உணவைக் கண்ணாடிக் கலத்தில் அடைத்து மூடிக் கொதிக்கவைக்கும் முறைக்காக, அரசிடமிருந்து 1810இல் 12,000 பிராங்கு பரிசு பெற்றார். நுண்ணுயிர்களே உணவைக் கெடுக்கின்றன என்று லூயி பாஸ்டர் மெய்ப்பித்தது அதற்குப் பல ஆண்டுகள் பின்னர்.

முதுகுப்பைக் காலம்

புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களின் நகரத்தார் ஊர்களிலிருந்து தைப்பூசத்தையொட்டிக் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடந்து செல்லும் வழக்கம் இன்றும் உயிர்ப்புடன் உள்ளது. முற்காலத்தில் கட்டுச்சோறும் வண்டிப் பண்டமும் துணையாயின. இன்று வழிநெடுகிலும் அன்னதானப் பந்தல்கள் அமைக்கப்படுகின்றன; வெறுங்கையுடன் புறப்பட்டாலும் பசி தெரியாது. இது போற்றத்தக்கதே. எனினும், கட்டத் தெரிந்த கைகள் குறைந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பந்தல்கள் இல்லாத மலைகளுக்கும் காடுகளுக்கும் முதுகுப்பையுடன் செல்லும் இளைஞர்களிடம் அவ்விழப்பு வெளிப்படுகிறது. பையின் விலையையும் எடையையும் ஆராய்ந்து வாங்குவோர், உணவு என்றதும் விரைவு நூடுல்சுடன் நின்றுவிடுகின்றனர். சில நாள்களில் நாவும் வயிறும் பச்சைக்காய்க்கும் பழத்திற்கும் ஏங்கத் தொடங்குகின்றன.

புதிய உணவையும் சில நாள் சுமக்க இயலும். எது முதலில் கெடுமோ அதனை முதலில் உண்ண வேண்டும் என்பதே அடிப்படை. கீரையும் கனிந்த தக்காளியும் முதல் நாளுக்கு உரியவை. வெள்ளரியும் அவரையும் இரண்டாம் நாள் வரை நிற்கும். முட்டைக்கோசு, கேரட், சின்ன வெங்காயம், இஞ்சி, எலுமிச்சை ஆகியன அதற்குப் பின்னரும் தாங்கும். காய்களைக் கழுவிக் கொண்டுபோவது தூய்மை போலத் தோன்றும். ஒட்டிய ஈரமே அவற்றை அழுகச்செய்யும். கழுவாமல் துணிப்பையில் இட்டு, சமைக்கும் வேளையில் கழுவுதல் நலம். கனியும் வாழைப்பழம் எத்திலீன் வாயுவை வெளியிட்டு அருகிலுள்ள காய்களையும் பழுக்கச்செய்யும் என்பதால் தனியே தொங்கவேண்டியது அது. பைக்குள் அதன் கதி என்னவாகும் என்பதும் தனியே தொங்கவிடுவதற்குப் போதிய காரணம்.

குளிர்ச்சிக்கு ஈரத்துணி உதவும். துணியிலிருந்து நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் பொருளின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. மண்பானை நீரைக் குளிர்விப்பதும் இதுவே. நைஜீரியாவின் முகமது பா அப்பா, ஒரு பானைக்குள் மற்றொன்றை வைத்து, இடையே ஈரமணல் நிரப்பி, காய்கறிகளைப் பல நாள் காக்கும் முறையைப் பரப்பி, 2000ஆம் ஆண்டில் ரோலக்ஸ் விருது பெற்றார். பானையைத் தோளில் சுமக்க இயலாது. ஈரத்துணி சுற்றிய கூடையைச் சுமக்கலாம். இது வறண்ட காற்றில் மட்டுமே பயன் தரும். புதுக்கோட்டையின் பங்குனிப் பகலுக்கு ஏற்ற இம்முறை, மழைக்காலக் கொல்லிமலையில் பயன்படாது. அங்கே ஈரத்துணி பூசணத்திற்குத்தான் இடம் கொடுக்கும்.

இத்தனைக்குப் பின்னும் ஐயம் எழும் பொதி ஒன்று மிஞ்சுமானால், அதனை உண்ணாமல் விடுவதே முறை. உணவை வீணாக்கலாகாது என்னும் நல்லெண்ணம் இவ்விடத்தில் செல்லாது. அவலும் வெல்லமும் ஒருவேளைக்கு எப்போதும் கைவசம் இருந்தால், சந்தேகத்திற்குரிய சோற்றைத் துறப்பது கடினமாகத் தோன்றாது. கட்டும்போதே ஒருவேளை உலருணவைக் கூடுதலாக வைத்த முன்னோர் வழக்கத்தின் பயன் அதுவாகலாம்.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டுப் பெரியோரிடம், அவர்கள் நடந்து சென்ற நெடும்பயணம் ஒன்றில் கட்டிச்சென்ற உணவு, கட்டிய முறை, உண்ட நாள் வரிசை ஆகியவற்றைக் கேட்டு எழுதுக.

மூன்று நாள் மலைநடைக்கு இருவருக்கான உணவைத் திட்டமிட்டு, ஒவ்வொன்றையும் எந்நாளில் உண்பது என்பதற்கான காரணத்தைத் தருக.