குவாடலூப் கரையில் நாலு நாள்

ஜூன் பிறந்தால் டெக்சாஸில் பகல் வெயில் 35 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஆஸ்டின், சான் அன்டோனியோ வாசிகள் அப்போது ஓடுகிற இடம், இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கும் நியூ பிரான்ஃபெல்ஸ். அங்கே குவாடலூப் ஆற்றங்கரையில் வரிசையாக ஆர்.வி. பார்க்குகள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள வீட்டு வண்டியை அங்கே நிறுத்தி, கரண்டும் தண்ணீரும் இணைத்துக்கொண்டு தங்கலாம். நாலு நண்பர்கள் சேர்ந்தால் செலவும் கையைக் கடிக்காது.

முதல் வேலை இடத்தைப் பிடிப்பது. பெரும்பாலோர் கேட்பது "ஆறு தெரியுமா?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த இடம் ஆற்றுமட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, வெளியேற எத்தனை வழி, நடு இரவில் வெள்ளம் வந்தால் யார் வந்து கதவைத் தட்டுவார்?

இது வீண் பயமில்லை. 2025 ஜூலை 4 விடியற்காலையில், இதே ஆற்றின் மேல்பகுதியான கெர் கவுன்டியில் முக்கால் மணி நேரத்தில் தண்ணீர் சுமார் 26 அடி ஏறியது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கரையோரப் பார்க்குகளில் நின்ற வண்டிகள் ஆட்களோடு அடித்துச் செல்லப்பட்டன. காரணம் அங்குள்ள நிலம்: சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள், மேலே விரல்கடை மண். பெய்கிற மழை ஊறாமல் நேராக ஆற்றில் இறங்கிவிடும். நியூ பிரான்ஃபெல்ஸுக்கு மேலே கேன்யன் அணை இருப்பது ஓரளவு காவல்தான். 2002 ஜூலையில் அந்த அணையின் உபரிநீர் வழியையும் தாண்டி வெள்ளம் வந்து, கீழே பாறையைக் குடைந்து ஒரு பள்ளத்தாக்கையே உண்டாக்கிவிட்டது.

ஆகவே கரையை ஒட்டிய இடத்தைவிட, நாலு படி ஏறிப் போகும் மேட்டு இடமே மேல். இரவில் யாருடைய போனையும் சைலன்ட்டில் போடக் கூடாது. வெள்ள எச்சரிக்கை அதில்தான் அலறும். அலறினால் வண்டியைக் கிளப்பப் பார்க்காமல், ஆட்கள் மட்டும் மேட்டுக்கு நடந்துவிட வேண்டும். ஓடும் தண்ணீர் ஓர் அடி இருந்தாலே சின்னக் காரை நகர்த்திவிடும். இரண்டு அடி போதும், பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போக.

அடுத்தது வண்டி. நாலு பேருக்கு 25 அடி நீள வண்டி தாராளம். இந்த அளவுக்குச் சாதாரண டிரைவிங் லைசென்ஸே போதும். வாடகைக்கு எடுக்கும்போது உரிமையாளர் ஒவ்வொரு சுவிட்சையும் காட்டுவார். அதை வீடியோ எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம், ராத்திரி பத்து மணிக்கு எதுவும் ஞாபகம் வராது. வண்டியின் உயரத்தை ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும். பெட்ரோல் பங்க் கூரையில் இடித்தபின் அளந்து பயனில்லை.

பார்க்குக்குப் போனதும் வண்டியைச் சமமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பிரேக்கரை அணைத்துவிட்டுத்தான் கரண்ட் செருக வேண்டும். 30 ஆம்ப் இணைப்பு என்றால் மொத்தம் 3,600 வாட்தான். ஏ.சி. ஓடும்போது இண்டக்‌ஷன் அடுப்பையும் மைக்ரோவேவையும் சேர்த்துப் போட்டால் பொட்டென்று எல்லாம் அணையும். நம்மவர்கள் சமையலை வெளியே, வண்டியின் துணிப்பந்தலுக்கு வெளியே சற்றுத் தள்ளி வைத்துக்கொள்வது உத்தமம். உள்ளே மிளகாய் தாளித்தால் புகை அலாரம் கூவும். வாசனை தலையணையோடு வீடு வரை வரும். தண்ணீருக்குக் குடிநீர் ஹோஸ் தனி, அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் கட்டாயம்.

கழிவுத் தொட்டி இரண்டு: கழிப்பறைக்குக் கறுப்பு, குளியலுக்கும் பாத்திரத்துக்கும் சாம்பல். புதியவர்கள் செய்யும் தவறு, கறுப்புத் தொட்டியின் வால்வைத் திறந்தே விடுவது. தண்ணீர் மட்டும் ஓடிவிடும், மற்றது உள்ளே மேடாக நிற்கும். முக்கால் பங்கு நிறையும்வரை அது மூடியே இருக்கட்டும்.

இனி ஆறு. ரப்பர் டியூபில் உட்கார்ந்து மிதந்து போவதுதான் ஊரின் பெருமை. அணையின் அடியிலிருந்து தண்ணீர் திறப்பதால் கோடையிலும் ஜில்லென்று இருக்கும். கிளம்புமுன் அன்றைய நீரோட்டத்தை, அதாவது வினாடிக்கு எத்தனை கன அடி என்பதை, அமெரிக்க நில அளவியல் துறையின் சாட்லர் அளவீட்டில் பார்த்துவிட வேண்டும். சில நூறு என்றால் சுகமான மிதவை. 1,000-ஐ நெருங்கினால் டியூபைக் கரையிலேயே விட்டுவிடலாம். நீச்சல் தெரிந்தவருக்கும் லைஃப் ஜாக்கெட், பாறை குத்தாமல் இருக்கக் காலில் செருப்பு. நகர எல்லைக்குள் தூக்கி எறியும் கேன், பாட்டில்களுக்குத் தடை உண்டு. எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோனால் வம்பில்லை.

இரவு பத்து மணிக்கு மேல் பார்க்கில் அமைதி நேரம். இளையராஜாவே ஆனாலும் பக்கத்து வண்டிக்குக் கேட்கக் கூடாது.

கிளம்பும் நாளில் துணிப்பந்தலைச் சுருட்டி, வண்டியை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தபின், கையுறை மாட்டிக்கொண்டு முதலில் கறுப்புத் தொட்டியைத் திறக்க வேண்டும். அது வடிந்த பிறகு சாம்பல். அந்தச் சோப்புத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். யார் திறப்பது என்பதை மட்டும் வீட்டிலிருந்து கிளம்பும்போதே சீட்டுக் குலுக்கி முடிவு செய்துகொள்ளுங்கள்.