மணி அடிக்கிறது, குரல் வரவில்லை!
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணினி அறிவியல்)

வாட்ஸ்அப் இருக்கும்போது சொந்தமாக ஓர் இணையத் தொலைபேசி நிலையம் எதற்கு என்று நண்பர்கள் கேட்கின்றனர். பேசுகிறவர்கள் அம்மாவும் அண்ணனும். நடுவில் நின்று இணைப்பவர் மட்டும் கடல் கடந்த கம்பெனியாகத்தான் இருக்க வேண்டுமா என்பதே என் கேள்வி. மார்க் ஸ்பென்சர் 1999-இல் உருவாக்கிய ஆஸ்டெரிஸ்க் என்னும் இலவச மென்பொருள், பழைய கணினியையும் தொலைபேசி இணைப்பகமாக்கிவிடும். வீட்டுக்குள் பேசுவது எளிது. வெளியிலிருந்து அழைப்பதில்தான் தொல்லை.

இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தம் சுமார் 429 கோடி எண்களே உண்டு. ஆசிய வட்டாரத்தின் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிப் பகுதியை எட்டிவிட்டது. எனவே ஒரு வளவுக்குள் பத்துக் குடித்தனங்கள் ஒரே கதவிலக்கத்தில் வாழ்வதுபோல, பல கருவிகள் ஒரே முகவரியைப் பகிர்கின்றன. இந்த முகவரி மாற்றத்திற்கு 'நாட்' என்று பெயர். உள்ளிருந்து கடிதம் போனால் வாசல் காவலர் குறித்துக்கொண்டு, பதிலை உரியவரிடம் சேர்ப்பார். முன்பின் அறியாத கடிதம் வந்தால் யாருக்கென்று தெரியாமல் எறிந்துவிடுவார். வேண்டாதவரை வேண்டுமென்றே தடுப்பது 'ஃபயர்வால்'. அச்சொல்லின் பொருளை எங்கள் பக்கத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. ஓர் அறையின் தீ மறு அறைக்குத் தாவாதிருக்கத்தானே பட்டாசு அறைகளை இடைவெளி விட்டுக் கட்டுகிறார்கள்!

விருதுநகரில் நண்பன் வீட்டு இணைப்புக்குத் தனி முகவரி உண்டு. ரவுட்டரில் 5060 என்னும் வாயிலைத் திறந்தோம். மணி அடித்தது, குரல் வரவில்லை. காரணம் சுவையானது. அழைப்பை ஏற்படுத்தும் 'சிப்' முறையில், குரலை எங்கே அனுப்புவது என்பது கடிதத்தின் உள்ளே எழுதப்படுகிறது. நாட் மாற்றுவது உறையின் மேலுள்ள முகவரியை மட்டுமே. உள்ளே 192.168.1.5 என்ற வீட்டு எண் அப்படியே இருக்கும். வெளியூர்க்காரர் அந்த எண்ணுக்குக் குரலை அனுப்பினால் அது எங்கே போய்ச் சேரும்? ஆஸ்டெரிஸ்கிடம் வெளி முகவரி இன்னதென்று எழுதிக்கொடுத்து, குரலுக்குரிய வாயில்களையும் திறந்ததும் பேச்சுக் கேட்டது.

சிவகாசி அருகே எங்கள் வீட்டில் மணிகூட அடிக்கவில்லை. ரவுட்டருக்குக் கிடைத்த முகவரியே 100.64 முதல் 100.127 வரையுள்ள வகையைச் சேர்ந்தது. 2012-இல் இணைப்பு நிறுவனங்களின் உட்பயன்பாட்டுக்கென ஒதுக்கியது அது. அதாவது வளவுக்கு வெளியே இன்னொரு பெரிய வளவு. அதன் சாவி நம்மிடம் இல்லை. இதற்கு வழி, பொது முகவரியுடைய சிறு கணினியொன்றை வெளியே வாடகைக்கு எடுப்பது. வீட்டுக் கணினி தானே முந்திக்கொண்டு அதனுடன் வயர்கார்டு சுரங்கம் அமைக்கும். காவலர் குறிப்பை அழித்துவிடாதபடி 25 விநாடிக்கொருமுறை ஒரு வெற்றுக் கடிதம் போய்க்கொண்டிருக்கும். பேச்சுக்குத் திசையொன்றுக்குச் சுமார் 80 கிலோபிட் போதும்.

மறுபடியும் நடுவில் ஒருவர் வந்துவிட்டாரே என்பீர்கள். உண்மைதான்; ஆயினும் அவர் சுமைகூலி மட்டுமே, இணைப்பகம் எங்கள் வீட்டில். 128 பிட் முகவரி முறையான ஐ.பி.வி.6 இருபுறமும் கிடைக்குமிடத்தில் சுமைகூலியும் தேவையில்லை. ஃபயர்வாலில் நமக்கு வேண்டிய வாயிலைத் திறந்தால் போதும். அப்போதும் 5060-ஐத் தட்டிப் பார்க்கும் திருடர்கள் ஓயமாட்டார்கள். கடவுச்சொல்லை நீளமாக வைத்துக்கொள்ளுங்கள்.