வேலை பழக்குவதா, வேலை வாங்குவதா?



சென்ற மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் முடிந்து பாயைச் சுருட்டும் நேரத்தில் ஒரு சகோதரி ஆதங்கத்தோடு சொன்னார்: "எம் மகன் ஒன்பதாவது படிக்கிறான். குடிச்ச டம்ளரைக்கூட எடுத்து வைக்க மாட்டேங்கிறான். நாளைக்கு இவன் எந்த வேலையில நெலச்சு நிப்பான்?" உடனே நாலைந்து பேர், "எங்க வீட்டுலயும் இதே கதைதான்க்கா" என்றார்கள். சுருட்டிய பாயை மறுபடி விரித்துப் பேசினோம். அதைத்தான் இந்த மாதப் பாடமாக எழுதுகிறேன்.

முதலில் என் வீட்டுக் கதை. எனக்கு மகள் மூத்தவள், மகன் இளையவன். வேலை பழக்குகிறேன் என்று மகளுக்குப் பத்து வயதிலிருந்தே தண்ணீர் எடுப்பது, பாத்திரம் கழுவுவது, வாசல் தெளிப்பது என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். சொன்னால் உடனே செய்வாள். அதனால் அவளிடமே சொன்னேன். பத்தாவது படிக்கும்போது ஒருநாள் கேட்டாள்: "தம்பிக்கு எப்பம்மா பழக்கப் போற?" எனக்குப் பதில் வரவில்லை. பொதுத்தேர்வு எழுதப் போகிற பிள்ளை ராத்திரி ஒன்பதரைக்குத்தான் புத்தகத்தைத் தொடுகிறாள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. பழக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் வேலைதான் வாங்கியிருக்கிறேன்.

நம் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊக்குநர் ஒருத்தியே வங்கிக்குப் போகிறாள், அவளே நோட்டு எழுதுகிறாள், மற்றவர்கள் கையெழுத்து மட்டும் போடுகிறார்கள் என்றால் அந்தக் குழு எத்தனை நாள் நிற்கும்? அவள் ஊரை விட்டுப் போன அன்றே படுத்துவிடும். அதற்காகத்தானே பொறுப்பைச் சுழற்சி முறையில் மாற்றச் சொல்கிறோம்? அதையே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் மூன்று வேலை எழுதினோம்: தண்ணீர், சோறு, பாத்திரம். வாரம் ஒருவருக்கு ஒன்று. வீட்டுக்காரர் பெயரும் உண்டு. (முதலில் சிரித்தார். பிறகு வழிக்கு வந்தார்!)

வேலையைத் துண்டு துண்டாகச் சொல்லாமல் முழுசாகக் கொடுக்க வேண்டும். தண்ணீர் என்றால் குடத்தைக் கழுவி, பிடித்து, மூடி வைப்பது வரை அவன் பொறுப்பு. நாம் பின்னாலேயே போய்த் திருத்தக் கூடாது. எனக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. மகன் வைத்த முதல் சோறு குழைந்து களி மாதிரி இருந்தது. மோர் ஊற்றிக் கரைத்துக் குடித்தோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது நாள் அவனே தண்ணீரைக் குறைத்து வைத்தான். செய்ததற்குக் காசு கொடுக்கும் பழக்கம் வேண்டாம். பரீட்சை நேரத்தில் ஒருவர் முறையை இன்னொருவர் வாங்கிக்கொள்ளலாம், பிறகு திருப்பிச் செய்துவிட வேண்டும். நம் உள்கடன் மாதிரிதான்.

பள்ளிக்கூடத்திலும் இப்படி முடியுமா என்று ஒருவர் கேட்டார். ஜப்பான் நாட்டில் செய்கிறார்கள். அங்கே பிள்ளைகளே வகுப்பறையையும் தாழ்வாரத்தையும், பல பள்ளிகளில் கழிவறையையும்கூடக் குழு குழுவாகச் சுத்தம் செய்கிறார்கள். மதியம் முறை வந்த பிள்ளைகள் வெள்ளை அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு மற்றவர்களுக்குச் சாப்பாடு பரிமாறுகிறார்கள். 2018-ல் ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் தங்கள் அணி தோற்ற பிறகும், ஜப்பான் ரசிகர்கள் பையோடு நின்று உட்கார்ந்த இடத்துக் குப்பையைப் பொறுக்கியதை உலகமே பார்த்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே எல்லாப் பிள்ளைக்கும் முறை வரும். நம் ஊரில் குறிப்பிட்ட தெருப் பிள்ளைகளை மட்டும் கழிவறை கழுவ அனுப்பிய செய்திகளைப் பலமுறை பத்திரிகையில் படித்திருக்கிறோம். அது பாடம் இல்லை, அவமானம். பெருக்குவது பெண் பிள்ளை, பெஞ்சு தூக்குவது பையன் என்று பிரிப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். நம் உறுப்பினர்கள் பலர் அதில் இருக்கிறார்கள். யார் கையில் துடைப்பம் கொடுக்கிறார்கள் என்று அங்கே தைரியமாகக் கேளுங்கள்.

கூட்டு வேலை விஷயமும் இதேதான். சார்ட் பேப்பர் ஒட்டும் செயல்திட்டத்தை ஐந்து பேருக்குக் கொடுத்தால், நன்றாகப் படிக்கும் ஒரு பிள்ளை செய்யும், நாலு பேர் பெயர் எழுதிக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்ததும் "மார்க் எத்தனை?" என்று கேட்காமல், "நீ எதைச் செஞ்ச? மத்தவங்க என்ன செஞ்சாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். குழுவின் கையிருப்பு எவ்வளவு என்று எந்த உறுப்பினரைக் கேட்டாலும் சொல்ல வேண்டும் என்கிறோமே, அதுபோல அந்த ஐந்து பேரில் யாரைக் கேட்டாலும் முழு வேலையையும் விளக்கத் தெரிய வேண்டும்.

கடைசியாக ஒன்று. கோபித்துக்கொள்ளாதீர்கள். எத்தனையோ குழுக்களில் தீர்மான நோட்டும் கணக்கும் எழுதுவது ஓர் உறுப்பினரின் படிக்கிற மகள்தான். "அழகா எழுதுறா" என்று நாமும் விட்டுவிட்டோம். அந்தப் பெண்ணுக்குப் பொதுத்தேர்வு வரும் மாதம் நோட்டை யார் எழுதுவது? எழுதத் தெரிந்த உறுப்பினர்கள் எத்தனை பேர், தெரியாதவர்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பது? இந்த மாதக் கூட்டத்தில் பேசி, தீர்மானம் போடுங்கள். அந்தத் தீர்மானத்தையாவது ஓர் உறுப்பினர் தன் கையால் எழுதட்டும்.