காசுப் பிழையும் வரலாற்று வாசிப்பும்

முன்னுரை

ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்போர், ஏடெழுதியவரின் கைப்பிழையைக் களைந்த பின்னரே நூலாசிரியரின் கருத்தைத் துணிவர். பழங்காசுகளைக் கொண்டு வரலாறு காண்போர்க்கும் இந்நெறி பொருந்தும். காசில் காணப்படுவன யாவும் அதனை வெளியிட்ட அரசின் கருத்தல்ல. சில, அக்கசாலையில் நேர்ந்த பிழைகள். அவற்றை இனங்காணும் முறையை இங்கே காண்போம்.

காசு அடித்த முறை

பண்டைக் காலத்தில் அச்சடிக் காசுகள் இரண்டு அச்சுகளுக்கிடையே உருவாயின. பட்டடையில் பொருத்திய கீழச்சின்மேல் உலோக வில்லையை வைத்து, மேலச்சைக் கையாற் பிடித்துச் சம்மட்டியால் அடிப்பர். காசில் எழுத்து நேராக விழ வேண்டுமாயின், அச்சில் அதனை இடவலம் மாற்றிச் செதுக்குதல் வேண்டும்.

இதனை மறந்தால் விளைவது யாது? மத்தியப் பிரதேசத்து ஏரணில் கன்னிங்காம் கண்டெடுத்த காசு ஒன்றில் தருமபாலன் என்னும் பெயர் பிராமி எழுத்தில் வலமிருந்து இடமாக அமைந்துள்ளது. பிராமி ஒரு காலத்தில் அவ்வாறே எழுதப்பட்டது என்பதற்கு இதனைச் சான்றாகக் கொண்டார் பியூலர். அச்சுச் செதுக்கியவர் எழுத்தை மாற்றிச் செதுக்கத் தவறியதன் விளைவே இது எனப் பின்வந்த அறிஞர் மறுத்தனர். ஒரு கைவினைஞரின் கவனக்குறைவு, எழுத்து வரலாற்றையே திசைதிருப்ப வல்லது என்பதை இதனால் உணரலாம்.

பிழைகளை அறிதல்

வில்லை நடுவில் அமையாதபோது உருவம் ஒருபுறம் ஒதுங்கி, எழுத்தின் ஒரு பகுதி காசுக்கு வெளியே போய்விடும். இருமுறை அடிபட்டால் எழுத்து நிழலிட்டது போல் இரட்டித்துத் தோன்றும். முன்னர் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த காசின் ஒரு புறத்தில் அதே உருவம் குழிந்தும் இடவலம் மாறியும் பதியும்.

அச்சு வெடித்திருப்பின், அவ்வெடிப்பினுள் உலோகம் புகுந்து காசில் மேடான கோடாக எழும்பும். பள்ளமான கோடு பெரும்பாலும் பின்னாளில் விழுந்த கீறலேயாகும். ஒரே வெடிப்புக்கோடு பல காசுகளில் காணப்படின், அவை ஓர் அச்சில் பிறந்தவை எனத் துணியலாம். கோடு வளர்ந்த அளவு கொண்டு, எது முந்தியது, எது பிந்தியது எனவும் அறியலாம்.

அச்சுத் திசை

இன்றைய இந்திய ரூபாய்க் காசை மேலும் கீழுமாக இரு விரலாற் பிடித்துப் பக்கவாட்டில் சுழற்றினால், பின்புறமும் நிமிர்ந்தே தோன்றும். அமெரிக்கக் காசில் அது தலைகீழாகத் தோன்றும். இரண்டும் அவ்வந்நாட்டு முறையே. எந்திரத்தில் அடித்த காசில் இவ்வமைப்பு மாறின் அது பிழை. கையால் அடித்த காசிலோ மேலச்சு எப்பக்கமும் திரும்பக்கூடியது. எனவே அங்குத் திசை மாற்றத்தைப் பிழையெனல் பொருந்தாது. முறை இருந்த இடத்தில்தான் பிழை உண்டு.

மதுரைச் சுல்தான்களின் காசுகள்

1335ஆம் ஆண்டையொட்டி ஜலாலுத்தீன் அஹ்சன் ஷா மதுரையில் தனியாட்சி நிறுவினார். இம்மரபின் காசுகளில் அரபு எழுத்தே முதன்மை பெறும். சுல்தான் பெயரோடு ஹிஜ்ரி ஆண்டும் பொறித்த காசுகள் கிடைத்துள்ளன. குமார கம்பணரின் மதுரை வெற்றியை வரலாற்றாசிரியர் பலர் 1371ஐ ஒட்டி வைப்பர். ஆயினும் அலாவுத்தீன் சிக்கந்தர் ஷாவின் காசுகள் ஹிஜ்ரி 779 வரை, அஃதாவது கி.பி. 1377-78 வரை, செல்கின்றன. இவ்வாண்டு இடைவெளிக்குச் சான்று கூறுவன சிறு காசுகளே. ஒதுங்கி அடிபட்ட காசில் ஆண்டின் ஒரு பகுதி மறைந்திருக்க, அதனை ஊகத்தால் நிரப்பினால் ஓர் அரசின் முடிவே மாறிவிடும். ஆகவே ஒரே அச்சில் பிறந்த காசுகளை அருகருகே வைத்து, ஒன்றில் மறைந்ததை மற்றொன்றில் படித்தல் வேண்டும்.

முடிவுரை

வன்னியம்பட்டி, இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்து இல்லங்களில் பழங்காசு இருப்பின், புளியிட்டுத் துலக்காதிருக்குமாறு பெரியோர்களை வேண்டுகிறோம். மெருகு ஏறும், சான்று தேயும். பிழையுள்ள காசு இலட்சம் பெறும் என்னும் பேச்சுக்கும் செவிசாய்க்க வேண்டா. மாணாக்கர் காசின் எடை, விட்டம், அச்சுத் திசை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, கண்ட எழுத்தை மட்டும் எழுதுவாராக. காணாத எழுத்துக்கு இடம் விடுவாராக. அதுவே ஆய்வு நேர்மையின் முதற்பாடம்.