ஐந்து கை பிறகுதான் வந்தது

தொல்லுயிர் எச்சங்களைப் படிக்க வந்திருக்கும் பிள்ளைகளே, முட்தோலிகளைக் கையில் எடுக்குமுன் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் தகட்டைப் பாருங்கள், உருவம் அப்புறம். நட்சத்திர மீனோ கடல் முள்ளெலியோ, அதன் தகடு தேனடை போல நுண்துளைகள் நிறைந்த கால்சைட். ஸ்டீரியம் என்பார்கள். ஒரு தகடு முழுவதும் ஒரே படிகமாக அமைந்திருக்கும். புதைந்தபின் துளைகளிலும் கால்சைட் நிரம்பிய தகட்டை உடைத்தால், வழவழப்பான சாய்வான முகமாகப் பிளந்து வெயிலில் பளிச்சிடும். கை லென்ஸில் அதைப் பார்த்துப் பழகுங்கள்.

2. ஐந்து கை இல்லையே என்று எதையும் ஒதுக்கிவிடாதீர்கள். கலிஃபோர்னியாவில் கிடைத்து, 1963-இல் டர்ஹமும் காஸ்டரும் விவரித்த ஹெலிகோபிளாகஸ் திருகித் திருகிச் சுற்றிய உடம்பு. ஸ்பெயினிலிருந்து 2012-இல் அறிவிக்கப்பட்ட டெனோயிம்ப்ரிகேட்டா நம்மைப் போல இடமும் வலமும் ஒத்தது. சிங்க்டா என்ற தொல் முட்தோலி வகைகளில் இரு பக்கமும் ஒத்துப்போகாது. ஸ்டீரியம் மட்டும் எல்லாவற்றிலும் உண்டு. தகடு முதலில் வந்தது, ஐந்து கதிர் பிறகுதான் என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான்.

3. வம்ச மரத்தில் அடியில் இருப்பது பாறையிலும் அடியில் கிடக்கும் என்று எண்ணாதீர்கள். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். டெனோயிம்ப்ரிகேட்டா மரத்தின் அடியில் வைக்கப்படுகிறது. வயதோ சுமார் 51 கோடி ஆண்டு. திருகு உடம்புக்காரன் ஹெலிகோபிளாகஸ் அதற்கு மூத்தது. பென்சில்வேனியாவின் காம்ப்டோஸ்ட்ரோமா ஐந்து கதிர் கொண்டது, அதுவும் மூத்ததே. பழைய அமைப்பைக் கொண்ட கிளை, புதியவை தோன்றிய பின்னும் நெடுங்காலம் வாழலாம். தவிர, முட்தோலி செத்தால் சில நாட்களிலேயே தகடுகள் சிதறிவிடும். சேறு சட்டென்று மூடியவை மட்டுமே முழுதாக நமக்குக் கிடைக்கின்றன.

4. தோற்றுப்போன கருத்துகளையும் படியுங்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ரிச்சர்ட் ஜெஃப்ரிஸ், ஸ்டைலோஃபோரா என்ற தொல்லுயிர் விலங்குகளின் நீண்ட உறுப்பை வால் என்று கொண்டு, அவற்றில் முதுகெலும்பிகளின் மூதாதையரைக் கண்டார். 2019-இல் மொராக்கோவின் ஃபெசுவாட்டா படிவங்களில் மென்திசுவின் தடம் தெரிந்தது: அந்த உறுப்புக்குள் முட்தோலிகளுக்கே உரிய நீர்க்குழாய் மண்டலம். அது வால் அல்ல, இரை பிடிக்கும் கை. ஆனாலும் ஜெஃப்ரிஸ் அளவுக்கு அவற்றை உற்றுப் பார்த்தவர் குறைவு.

5. உயிருள்ளவற்றையும் பாருங்கள். இன்றைய நட்சத்திர மீனின் இளம் புழு இருபக்கச் சமச்சீர் உடையது. பிறகு, அதன் இடப்பக்க அறையொன்றிலிருந்தே ஐங்கதிர் நீர்க்குழாய் உருவாகிறது.

6. தகடு கரைந்து வெறும் அச்சு மட்டும் கிடைத்தால் வருந்தாதீர்கள். அதில் லேடெக்ஸ் ஊற்றி, காய்ந்ததும் மெல்ல உரித்து, அம்மோனியம் குளோரைடு புகையால் வெளுப்பாக்கிப் பாருங்கள். தகடுகளின் விளிம்புகூடத் தெளிவாகத் தெரியும்.